நிலைக்காலில் பச்சை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரிவதில்லை. மரம் மரமாக இருந்தால் கேவலம். சுவர் மண்ணாக இருந்தால் கேவலம். கோட்டைக்குள்ளே உலாந்தா தேசத்து வெள்ளைக்காரன் வீட்டுக் கதவெல்லாம் பச்சையாக இருக்கிறதாம், அதனால் கோட்டைக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவன் வீட்டுக் கதவும் பச்சையாக இருந்தாக வேண்டுமாம். உலாந்தாக்காரன் கெட்டித்தோல் செருப்பும் முழங்கால்வரை காலுறையும் மாட்டிக்கொண்டு பங்குனி வெயிலில் வேகிறான். அதையும் மாட்டிக்கொண்டு வலை இழுங்களேன் என்று சொன்னால் ஒருத்தனுக்கும் காது கேட்பதில்லை.

இப்படிப் பேசினால் கிழவனுக்கு வயிற்றெரிச்சல் என்கிறார்கள். வயிற்றெரிச்சல்தான். என் வீட்டு நிலைக்காலில் அல்லவா சாயம் பூசினார்கள்? எனக்கு எரியாமல் யாருக்கு எரியும்?

ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் ஏறி, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். அந்த ஓட்டத்தில் இறால் கூட்டம் கூட்டமாக வெளியே போகும். அந்த இடத்தில் குறுக்கே கழி நட்டு வலை கட்டுவோம். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். பாடு ஒன்று, வீடு நாற்பது. அதனால் வீட்டுக்கு மூன்று நாள் என்று முறை வைத்திருக்கிறோம். மற்ற மாதத்தில் முறை வந்தால் கஞ்சிக்கு ஆகும். ஐப்பசி அமாவாசைக்கு வந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் அந்த வீடு தலை நிமிர்ந்து நடக்கும்.

இந்த ஐப்பசி அமாவாசை என் வீட்டு முறை. சும்மா வந்ததில்லை. போன தை மாதம் என் பெண்டாட்டி செல்வம்மாள் செத்துப்போனாள். அவள் செத்த மூன்றாம் நாள் என் முறை. இழவு விழுந்த வீட்டுக்காரன் பதினாறு நாள் பாட்டில் கால் வைக்கக் கூடாது. முறையை அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்தேன். அப்படி விட்டுக்கொடுத்தவனுக்கு ஐப்பசி அமாவாசையில் மூன்று நாளைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் குப்பத்துக் கட்டு.

அதற்கு ஓலை எழுதி வைக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் தனியாக வருவார். தீட்டு வீட்டுக்கு வேறு யாரும் வர மாட்டார்கள். நிலைக்காலின் உள்பக்கத்தில், கதவைச் சாத்தினால் மறைகிற இடத்தில், உளியால் விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு, நேராகப் போய் ஏரியில் முழுகுவார். முறையைத் திருப்பிக் கொடுத்ததும் அவரே வந்து அந்த வெட்டில் பூவரச ஆப்பு ஒன்றை அடித்து மூடுவார். வெட்டு திறந்திருந்தால் முறை பாக்கி. ஆப்பு இருந்தால் தீர்ந்தது. என் வீட்டில் வெட்டியவர் பழைய பெரியதனக்காரர் திருவேங்கடம். அவரும் ஆடி மாதம் வாந்திபேதியில் போய்ச்சேர்ந்தார்.

அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, புதுக் கழி வாங்கிவரச் சுண்ணாம்புக்குளம் போனேன். நல்ல கழியாகப் பார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டுச் சோதித்து, படகில் ஏற்றிக்கொண்டு திரும்ப ஆறு நாள் ஆயிற்று. வீட்டு வாசலுக்கு வந்தவன் அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று இரண்டடி பின்னால் போனேன்.

கதவு பச்சை. நிலை பச்சை. உள்ளே போனால் அரிசிப் பெட்டி மூடி பச்சை, உட்காருகிற மணை பச்சை, விளக்கு வைக்கிற மாடத்துப் பலகை பச்சை, அரிவாள்மணைக் கட்டைகூடப் பச்சை. வீட்டுப் பூனை எங்கேயோ உரசிவிட்டு ஒரு பக்கம் பச்சையாக உட்கார்ந்திருந்தது. கெட்ட எண்ணெய் நாற்றம் நெற்றியில் அடித்தது.

நடுவில் என் மருமகன் ரங்கன் தூரிகையும் கையுமாக நின்றான். என் அக்கா மகன்தான். கோட்டைக்கு வடக்கே படகு பழுது பார்க்கிற கொட்டகையில் பலகைக்குச் சாயம் பூசுகிறான். என் மகளைக் கட்டியதிலிருந்து எங்களோடு இருக்கிறான்.

“எப்டி மாமா, ஜோரா கீதா?”

“இன்னாடா இது?”

“கப்பலுக்குப் பூசுற சாயம். பீப்பா அடியில தங்குனத மேஸ்திரி எடுத்துக்கோனு சொல்ட்டாரு. இனிமே உப்புக்காத்து ஏறாது, புழு வராது.”

“நாப்பது வருசமா இந்த மரத்துல புழு வந்து நீ பாத்தியா?”

“வரக்கூடாதுனுதானே மாமா பூசுறது.”

“வராத புழுவுக்குப் பயந்து வீட்ட நாறடிச்சிருக்கே. அரிவாள்மணை இன்னாடா பண்ணுச்சு உன்னை?”

என் மகள் முத்தம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நைனா, மொதல்ல கால் கழுவிக்கினு உக்காரு. அது ஆசையா பண்ணுச்சு. தெருவே வந்து பாத்துட்டுப் போவுது.”

உட்கார்ந்தேன். மணை வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் விளக்கெண்ணெய்க்கும் வார்னீசுக்கும் நடுவில் ஒரு ருசி. பெட்டி மூடியின் வாசனை அரிசியில் இறங்கியிருக்கிறது. துப்பிவிட்டு எழுந்தேன்.

அப்போதுதான் எனக்கு வெட்டு ஞாபகம் வந்தது. கதவை இழுத்து, நிலைக்காலின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தேன். செல்வம்மாள் செத்த பிறகு தினமும் கதவைத் திறக்கும்போது விரல் தானாக அங்கே போகும். கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன். இப்போது விரல் வழவழவென்று மேலேயிருந்து கீழே வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது.

“ரங்கா. இங்க ஒரு வெட்டு இருந்துச்சே.”

“ஆமா மாமா, ஒரு பள்ளம் இருந்துச்சு. அதுக்கு மொதல்ல ஒரு கை சாயம் குடுத்தேன், அப்பால மாவாட்டம் குழைச்ச மக்கு வெச்சு அடைச்சேன், அதுக்கு மேல ரெண்டு கை சாயம். எங்க கீதுனு உன்னால கண்டுபிடிக்க முடியுதா பாரு!”

சிரித்தான். வேலை தெரிந்தவன் சிரிப்பு. கொட்டகையில் பலகை இடுக்கை அடைப்பது போல என் பெண்டாட்டி இழவை அடைத்து வைத்திருக்கிறான். அவன் அப்பன் வீடு மண்டபத்துப் பக்கம், அங்கே ஏரிப்பாடு கிடையாது, இந்த வழக்கம் அவனுக்குத் தெரியாது, அவன் மக்கு வைத்ததைத் தானும் கவனிக்கவில்லை என்று முத்தம்மாள் சொன்னாள். தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே? உன் வாயில் யாரும் மக்கு வைக்கவில்லையே?

அன்று சாயங்காலமே எல்லப்பன் வந்தான். எனக்குப் பங்காளி. முறை வரிசையில் எனக்கு அடுத்த வீடு. அமாவாசை எனக்கு இல்லையென்றால் அவனுக்கு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவன் வளர்க்கிற கோழிக்கும் தெரியும்.

“சடையா, கழி எல்லாம் வாங்கியாந்துட்டாப்ல கீது.”

“வாங்கினேன்.”

“எதுக்கு வாங்கினே? உன் இழவு முறைதான் வைகாசியிலேயே தீந்துபோச்சே.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வைகாசியில் திருவேங்கடம் காய்ச்சலில் படுத்திருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். அவர் முறை மூன்று நாளையும் நான்தான் அவருக்காக வலை கட்டினேன். பிடித்ததைக் கூடையோடு அவர் வாசலில் இறக்கினேன். என் முறை மூன்று, அவர் முறை மூன்று, ஆக ஆறு நாள் நான் பாட்டில் நின்றதைக் குப்பமே பார்த்தது. அந்த மூன்றைத்தான் இவன், ஐப்பசி வரைக்கும் காக்காமல் எனக்கு முன்கூட்டியே திருப்பிக் கொடுத்த முறை என்கிறான்.

“செத்தவரு வந்து சொல்ல மாட்டாருனு பேசுறியா?”

“நான் இன்னா பேசுறேன்? வெட்டு பேசட்டும். தொறந்திருந்தா நீ கட்டு, ஆப்பு இருந்தா நான் கட்டுறேன்.” கதவுப் பக்கம் குனிந்து பார்த்தான். எழுந்தபோது முகத்தில் அவ்வளவு குஷி. “ஐயையோ, வெட்டும் இல்ல, ஆப்பும் இல்ல. ஜோரா பூசியிருக்கான்பா உன் மருமவன்!”

மறுநாள் காலையில் எல்லப்பன் புதுப் பெரியதனக்காரர் சின்னதம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான். சின்னதம்பி திருவேங்கடத்தின் தம்பி. எளாவூரில் மாமனார் வீட்டோடு இருந்தவர், அண்ணன் செத்த பிறகுதான் வந்தார். அதனால் வைகாசியில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிற ஆள். அந்த மாதிரி ஆளை நான் எட்டத்தில் வைப்பது வழக்கம்.

“அண்ணே, நீ சொல்றது நெசமா இருக்கலாம். எல்லப்பண்ணன் சொல்றதும் நெசமா இருக்கலாம்.”

“ரெண்டும் எப்டிய்யா நெசமா இருக்கும்?”

“அதான் பாக்கணும்ன்றேன். உன் மருமவனும் மவளும் சொல்றது சாட்சியாவாது. சாயத்த எடுங்க. உள்ள இன்னா கீதோ அதுதான் தீர்ப்பு.”

நான் உளியை எடுக்க உள்ளே போனேன். எல்லப்பன் ஓடிவந்து வாசலை மறித்தான்.

“உளிய எடுக்காத! உளி வெச்சு ஆப்பப் புடுங்கிட்டு, பாத்தியா வெட்டு தொறந்து கீதுனு சொல்லுவே. எனக்குத் தெரியாதா உன்னை?”

“நான் எதுக்குடா புடுங்குறேன்? உன் பல்லத்தான் புடுங்கணும்.”

“பாருங்க பெரியதனம், கை நீட்டுறான்!”

சின்னதம்பி இரண்டு கையையும் தூக்கினார். இரும்பு படக்கூடாது என்றார். உளி கூடாது, கத்தி கூடாது, கிளிஞ்சல் ஓடுகூடக் கூடாது, அதுவும் கீறும். அமாவாசைக்கு முதல் நாள் மதியத்துக்குள், எல்லார் கண் முன்னாலும், மரத்தைக் கீறாமல் சாயத்தை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பாடு எல்லப்பனுக்கு. தீர்ப்பைச் சொல்லிவிட்டு அவர் என் வீட்டு மோரையே குடித்துவிட்டுப் போனார்.

இருந்தது மூன்று நாள். எவனோ பூசியதற்கு நான் தவம் கிடக்க வேண்டும்.

நிலைக்காலைத் தொடாமல் மற்றப் பண்டங்களில் முதலில் பார்த்தேன். மணையை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய் மணல் போட்டுத் தேய்த்தேன். அரை நாள் தேய்த்ததில் மணை முழுக்கக் கோடு விழுந்தது, பச்சை மட்டும் கோட்டுக்குள் இன்னும் நன்றாக இறங்கிக்கொண்டது. அரிசிப் பெட்டி மூடியை வாசலில் சாய்த்து, காய்ந்த பனை ஓலையைக் கொளுத்திக் காட்டினேன். சாயம் அப்பளம் மாதிரி உப்பிக் கருகியது. அந்தப் புகை தொண்டையில் இறங்கி ஒரு பொழுது இருமினேன், முத்தம்மாள் தலை சுற்றுகிறதென்று படுத்துவிட்டாள். பொறி பறந்து கூரை விளிம்பில் விழுந்தது. ரங்கன் குடத்துத் தண்ணீரை என் தலையோடு சேர்த்து ஊற்றினான்.

“கப்பலுக்கே தாங்குற சாயம் மாமா. லேசுல போவாது.”

அதைப் பெருமையாகச் சொன்னான். அவனை அடிக்காமல் இருந்தது செல்வம்மாள் முகத்துக்காக. அவள்தான் அவனை மருமகனாகக் கொண்டுவந்தவள்.

கரையில் நான் மணையோடு மல்லுக்கு நின்றதைப் பச்சையம்மா பார்த்திருக்கிறாள். கோட்டை வியாபாரத்துக்குப் போகிற துணிகளை வெளுக்கிறவள் அவள். நெய்தவன் வைத்த கஞ்சிக்கறை, எண்ணெய்க்கறை எல்லாவற்றையும் எடுத்து, அன்னத்தின் முதுகு மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். மறுநாள் அவளே வாசலுக்கு வந்தாள்.

“இன்னா பெரியவரே, எண்ணெய்ச் சாயத்த மணலு வெச்சுத் தேய்ச்சா போவுமா? எண்ணெய்யக் கொல்லணும். எண்ணெய் செத்தா சாயம் தானா உழும்.”

“எப்டிக் கொல்றது?”

“உவர்மண்ணக் கரைச்சுத் தெளிய வெச்ச தண்ணி. அதுல சுட்ட கிளிஞ்சச் சுண்ணாம்ப உட்டுக் கொதிக்க உடணும். அந்தக் காரம் எண்ணெய்ய நுரையா மாத்திடும். எண்ணெய்ப் பீப்பா தொடச்ச துணிய நான் அப்டித்தான் வெளுக்குறேன்.”

“மரம் வெந்துடாதா?”

“கறுக்கும். வெட்டு இன்னா ஓடியா பூடும்?”

அவளையும் நான் உடனே நம்பவில்லை. இந்தச் சமயத்தில் எல்லப்பன் யாரை அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்? அரிவாள்மணைக் கட்டையைக் கொடுத்து, முதலில் இதில் காட்டு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனாள். சாயங்காலம் கட்டை வெறும் கட்டையாகத் திரும்பி வந்தது. கொஞ்சம் கறுத்திருந்தது. பச்சை ஒரு பொட்டு இல்லை. மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனை. அதாவது மனிதன் வாழ்கிற வீட்டு வாசனை.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் பச்சையம்மா பெரிய பானையோடு வந்தாள். காரத் தண்ணீரில் உமிச் சாம்பலைப் போட்டுக் களி மாதிரி கிண்டியிருந்தாள். குப்பமே வாசலில் கூடிவிட்டது. பனைமட்டையை நுனி நசுக்கி மட்டமாக்கி, அதால் நிலைக்கால் முழுக்க விரல் தடிமனுக்கு அப்பினாள். காய்ந்தால் வேலை செய்யாது என்று மேலே நனைந்த சாக்கைச் சுற்றினாள். நான் ஒரு இடத்தில் விரலால் ஒதுக்கப்போய் விரல் நுனி வெந்துவிட்டது. புளித்தண்ணீரில் முக்கச் சொன்னாள்.

“இப்ப இன்னா பண்ணணும்?” என்றார் சின்னதம்பி.

“குந்தணும்,” என்றாள் பச்சையம்மா.

குந்தினோம். அறுபது பேர் ஒரு நிலைக்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வலை காயவில்லை, படகு இறங்கவில்லை, அடுப்பு எரியவில்லை. எல்லப்பன் சாக்குக்கு இரண்டு முழம் தள்ளி நின்று கண் கொட்டாமல் காவல் காத்தான். அவனுக்கு மூத்திரம் முட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. போகவில்லை.

“போய்ட்டு வாடா. நான் ஆப்பத் தின்னுட மாட்டேன்.”

“நீ தின்னாலும் தின்னுவே.”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. யாரோ ஒருத்தி, சாயம் எடுக்கிறதுக்கே இவ்வளவு கூட்டமென்றால் பூசுகிற அன்றைக்கே எங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றாள். இப்போது சிரிக்கிறார்கள். ரங்கன் பூசிய அன்று இதே பெண்கள்தான் வந்து கதவைத் தடவிப் பார்த்து, எங்க வீட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வை என்று கேட்டவர்கள்.

பொழுது உச்சிக்கு வந்தது. பச்சையம்மா சாக்கை அவிழ்த்தாள். களி பச்சையாக நுரைத்திருந்தது. பனைமட்டையை ரங்கன் வாங்கினான். எல்லப்பன் கத்தினான், மருமகன் கை வைக்கக் கூடாதென்று. நான் வாங்கினேன். அதற்கும் கத்தினான். கடைசியில் பெரியதனக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையைப் பிடித்தார். மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார்.

பாலாடை மாதிரி வந்தது. சாயம் சுருண்டு சுருண்டு கீழே விழுந்தது. உள்ளேயிருந்து மரம் எட்டிப் பார்த்தது. கறுப்பாக, ரேகை ரேகையாக, என் மரம்.

இரண்டாம் இழுப்பில் வெட்டு இருந்த இடம் தெரிந்தது. அங்கே வெள்ளையாக ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது.

“ஆப்பு!” என்று குதித்தான் எல்லப்பன். “பாத்துக்குங்க, ஆப்பு! நான் சொல்லல?”

கூட்டம் எழுந்துவிட்டது. ஆப்பு இல்லையென்று எனக்குத் தெரியும். ஆனால் அறுபது பேர் ஒன்றாக ஆ என்றால் நன்றாகத் தெரிந்த விஷயம்கூட ஆட்டம் காணுகிறது.

“பூவரச ஆப்பு வெள்ளையாவா இருக்கும்?” என்று கேட்டாள் பச்சையம்மா. “தண்ணிய ஊத்துங்க.”

சின்னதம்பி சொம்புத் தண்ணீரை ஊற்றி, வெறும் விரலால் அழுத்தினார். வெள்ளை குழைந்தது. ஊறிய மாவு மாதிரி விரலோடு வந்தது. அது ரங்கன் வைத்த மக்கு. முழுவதும் வழித்தெடுத்து, இன்னொரு சொம்பு ஊற்றினார். வெட்டு திறந்துகொண்டது. செல்வம்மாளின் வெட்டு. திருவேங்கடம் கை போன அந்தச் சாய்வும்கூட அப்படியே இருந்தது. அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், எதை வெட்டினாலும் ஒரு பக்கம் சாயும்.

எல்லப்பன் விடவில்லை. விடுகிற ஜாதியா அவன்? “சாயம் பூசுறதுக்கு முன்னாடியே ஆப்பப் புடுங்கியிருப்பான். புடுங்கிட்டு மக்கு வெச்சு மூடிட்டான். மாமனும் மருமவனும் சேந்து செஞ்ச வேலை.”

“நான் ஊர்லயே இல்லடா அப்போ!”

“போறதுக்கு முன்னாடியே புடுங்கியிருப்பே!”

சின்னதம்பி குனிந்து வெட்டுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லப்பனைக் கூப்பிட்டார்.

“எல்லப்பண்ணே, ஆப்பு அடிச்ச வெட்டு எப்டி இருக்கும்?”

“நசுங்கி இருக்கும்.”

“ஆப்ப அடிச்சா வெட்டோட வாய் நசுங்கும். புடுங்கினா சில்லு பேத்துக்கினு வரும். இங்க பாரு. ஓரம் கத்தி மாதிரி கீது. அது மட்டுமில்ல.” விரலை உள்ளே விட்டுக் காட்டினார். “மக்குக்கு அடியில பச்சை கீது. அடி வரைக்கும். சுத்தி நாலு பக்கமும். களி அங்க எட்டல. இந்த வெட்டு தொறந்திருந்தப்போதான் சாயம் உள்ள போயிருக்கு. ஆப்பு இருந்த எடத்துல மரம் மரத்த அழுத்திக்கினு கறுத்துப் போயிருக்கும். இதுல மரம் புதுசா வெட்டுன மாதிரி கீது, அதும்மேல பச்சை.”

எல்லப்பன் பார்த்தான். மறுபடி பார்த்தான். அவனும் ஆப்பு அடித்த வீட்டில் வாழ்கிறவன், அவன் நிலைக்காலில் இரண்டு ஆப்பு இருக்கின்றன.

“அந்தப் பச்சை மட்டும் இல்லேன்னா…” என்றான்.

“அமாவாச சடையண்ணனுது,” என்றார் சின்னதம்பி.

எல்லப்பன் அப்போதுதான் அவசரமாகப் பனைமரத்துப் பக்கம் ஓடினான்.

நான் பனைமட்டையை வாங்கிக் களியைத் தொட்டு, வெட்டுக்குள் இருந்த மிச்சப் பச்சையை வழிக்கப்போனேன். சின்னதம்பி என் கையைப் பிடித்தார்.

“அத உடுண்ணே. மூணு நாளு முறை முடியட்டும். நான் வந்து ஆப்பு அடிக்கிற வரைக்கும் அந்தப் பச்சை உள்ள இருக்கட்டும். அதுதான் உனக்குச் சாட்சி.”

“சாட்சியா? அதுவா?”

“பின்ன? அதுதானே காட்டிக் குடுத்துச்சு.”

ரங்கன் முன்னால் வந்தான். முகம் பூரித்திருந்தது. “பாத்தியா மாமா? நான் மொதக் கை சாயத்தப் பள்ளத்துக்குள்ள நல்லா வுட்டு அடிச்சேன். இன்னொருத்தனா இருந்தா வெறும் மக்குதான் வெச்சிருப்பான். என் பச்சைதான் உன் முறையக் காப்பாத்துச்சு.”

கூட்டமும் ஆமாம் என்றது. முத்தம்மாள் சிரித்தாள். பச்சையம்மாகூடத் தலையை ஆட்டினாள். யாரோ ஒருவன் இனிமேல் இழவு வெட்டு வெட்டினால் உள்ளே கொஞ்சம் சாயம் பூசி வைத்தால் சண்டையே வராது என்று சொன்னான். அதற்கும் நாலு பேர் ஆமாம் என்றார்கள். பெரியதனக்காரர் யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவினார்.

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை வரிசையாக வரவில்லை.

“டேய், இவன் பூசலேன்னா எல்லப்பன் வந்து கதவத் தொறந்து பாத்துட்டு வாய மூடிக்கினு போயிருப்பான். பூசுனதாலதான் கேட்டான். மூணு நாளா என்னைத் திருடன்னு சொன்னான். நீங்க அத்தினி பேரும் குந்திக்கினு பாத்தீங்க. மறைச்சதும் அது, காட்டுனதும் அதுன்னா, மறைச்சதுக்கு இன்னா பதில்?”

“சரி மாமா, முடிஞ்சதே,” என்றான் ரங்கன். “நிலைதான் போச்சு. கதவு மட்டுமாவது பச்சையா இருக்கட்டுமா? ரெண்டும் பாக்க நல்லாதான் கீது.”

மோந்து பார்த்தால் விரலில் இன்னும் அந்த எண்ணெய் வாடை. வெந்த தோலுக்குள் போய்விட்டதோ என்னவோ. சுவரில் சாய்த்து வைத்திருந்த கழிகளில் ஆறை எடுத்துத் தோளில் போட்டேன். சாயங்கால நீர் திரும்புவதற்குள் முகத்துவாரத்தில் முதல் வரிசை நட்டாக வேண்டும்.

பின்னால் ரங்கன் மீதிக் கழியைத் தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான். உலாந்தாக்காரன் கதவு பத்து வருஷமாக அப்படியே இருக்கிறதாம். மழை பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுமாம். வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை, வெட்டுக்குள் இருந்த பச்சையை ஒவ்வொருத்தராகக் குனிந்து பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார்கள். மெச்சட்டும். பானையில் மீந்த களியைக் கொட்ட வேண்டாம், ஈரச் சாக்குப் போட்டு மூடி வை என்று பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். மூன்று நாளும் முடியட்டும், கதவு எங்கேயும் போகாது. நான் திரும்பிப் பார்க்காமல் ஏரியை நோக்கி நடந்தேன்.